புத்தகத்தை மூடிய பிறகு

அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள், பயாலஜி குரூப். ஜனவரி மாதத்து இரவு ஒன்றில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்து, மூலக்கூறு மரபியல் பாடத்தில் லாக் ஓபரானைப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கம் முழுக்க மஞ்சள். ஹைலைட்டர் படாத வரி எது என்று தேட வேண்டியிருந்தது.

"நாலு தடவை படிச்சிட்டேன் மாமா. ஃபைவ் மார்க்ல கண்டிப்பா வரும்னு மிஸ் சொன்னாங்க."

புத்தகத்தை வாங்கி மூடினேன். "லாக்டோஸ் இல்லாதப்ப அந்த அடக்கிப் புரதம் எங்க போய் உட்காரும்?"

வானத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவைப் பார்த்தாள். "அந்தப் பக்கத்துல மேல ஒரு படம் இருக்கும் மாமா. பச்சையா ஒண்ணு இருக்கும். தெரியும், வாயில வரல."

படம் பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது, என்ன நிறம் என்பதெல்லாம் அவளுக்குப் பதிந்திருந்தது. படத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் பதியவில்லை. அவளைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. என்னுடைய பிளஸ் டூ விலங்கியல் பரீட்சைக்கு விடிய விடியப் படித்துவிட்டுப் போனேன். ஹாலில் ஒரு பெரிய கேள்விக்கு முதல் வரிகூட எழும்பவில்லை. வெளியே வந்து சைக்கிள் பூட்டில் சாவியைப் போட்டபோது முழு விடையும் தலைப்பு, உட்தலைப்போடு வந்து நின்றது. அதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

முதலில் கேள்வித்தாளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டு பிளஸ் டூ உயிரியலில் செய்முறையும் அகமதிப்பீடும் போக எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். தாவரவியல் பாதிக்கு 35, விலங்கியல் பாதிக்கு 35. ஒவ்வொரு பாதியிலும் 8 ஒரு மதிப்பெண் கேள்விகள். பிறகு இரண்டு மதிப்பெண்ணில் நான்கு, மூன்று மதிப்பெண்ணில் மூன்று, ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு எழுத வேண்டும். ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை அச்சிலேயே இருக்கிறது. நான்கில் ஒன்றைச் சுட்டினால் போதும். அப்படிக் கிடைப்பது மொத்தம் 16. மீதி 54 மதிப்பெண்ணுக்கு நம் முன்னால் வெறும் வெள்ளைத்தாள்தான் இருக்கிறது.

பார்த்ததும் அடையாளம் தெரிவது ஒரு திறமை. பார்க்காமலே வரவழைப்பது வேறொரு திறமை. கடைத்தெருவில் எதிரே வரும் பழைய வகுப்புத் தோழனின் முகம் சட்டென்று தெரிந்துவிடுகிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது அல்லவா, அந்த வித்தியாசம். நாலு தடவை படித்துவிட்டுப் போகிறவர்கள் 16 மதிப்பெண்ணுக்கான திறமையை எடுத்துக்கொண்டு 54 மதிப்பெண்ணைச் சந்திக்கப் போகிறார்கள்.

மனப்பாடம் என்றாலே நம்மூரில் இரண்டு பேச்சுதான். ஒரு கூட்டம் அதை மூளைச் சோம்பேறித்தனம் என்று திட்டும். இன்னொரு கூட்டம் "உருப்போடு, உருப்போடு" என்று துரத்தும். மனப்பாடம் என்பது உடம்புக்குள் நடக்கும் ஓர் உயிரியல் காரியம் என்பதை இருவருமே கணக்கில் எடுப்பதில்லை. நரம்பு மண்டலப் பாடம் பிளஸ் ஒன்னில் முடிந்துவிடுகிறது. பிளஸ் டூ வந்ததும் அதை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, அந்த நரம்பு மண்டலத்தை வைத்தே மரபியலைப் படிக்கிறோம்.

நினைவு எங்கே உருவாகிறது என்பது ஒரு மனிதருக்கு நேர்ந்த விபரீதத்தால் தெரியவந்தது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய் கட்டுக்கு அடங்கவில்லை. 1953இல் அவர் மூளையின் இரு பக்கங்களிலும் பொட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதியை வெட்டி எடுத்தார்கள். கடல் குதிரை போல வளைந்திருப்பதால் ஹிப்போகேம்பஸ் என்று பெயர் பெற்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும்வரை அவருக்குப் புதிதாக எந்தச் செய்தியும் தங்கவில்லை. தன்னைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னரை ஒவ்வொரு முறையும் புதிய ஆளாகவே அவர் சந்தித்தார். சிறுவயது நினைவுகள் அப்படியே இருந்தன. பேச்சும் அறிவும் குறையவில்லை. ஹிப்போகேம்பஸ் நினைவுகளின் நிரந்தரக் கிடங்காக இருந்தால் பழையவையும் போயிருக்க வேண்டும். புதிய செய்தியை வாங்கிப் பதப்படுத்தி மேல்மூளையில் மெல்ல மெல்ல ஊன்றவைக்கும் இடம் அது. நெல்லுக்கு நாற்றங்கால் மாதிரி.

ஊன்றுவது என்றால் என்ன? இதைக் கண்டுபிடிக்க எரிக் கேண்டல் என்ற விஞ்ஞானி தேர்ந்தெடுத்த உயிரி கடல் முயல் என்ற ஓடு வெளியே தெரியாத ஒரு கடல் நத்தை. மனிதனுக்கு ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள். அதற்குச் சுமார் 20,000தான். அவற்றில் சில வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. அதன் உறிஞ்சு குழலைத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால், "இதில் ஆபத்தில்லை" என்று பழகி இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். நத்தையின் படிப்பு அவ்வளவுதான்.

இந்தப் படிப்பில் ஒரு கணக்கு உண்டு. ஒரே மூச்சில் 40 முறை தொட்டால் அந்தப் பழக்கம் ஒரு நாள் நிற்கிறது. அதே நாற்பதை நாளுக்கு 10 என்று நான்கு நாளாகப் பிரித்தால் வாரக்கணக்கில் நிற்கிறது. தொட்டது இரண்டிலும் 40 முறைதான். மாறியது நடுவில் விட்ட இடைவெளி மட்டும்.

இடைவெளியில் அப்படி என்ன நடந்துவிடுகிறது? இன்னொரு வகைப் படிப்பில் விடை கிடைத்தது. நத்தையின் வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தால் அது சில நிமிடங்கள் உஷாராக இருக்கும். அந்த நேரத்தில் ஏற்கெனவே உள்ள நரம்பு இணைப்புகள் சற்றுப் பலமாக வேலை செய்கின்றன, அவ்வளவே. இடைவெளி விட்டு அதிர்ச்சியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உஷார் நாள்கணக்கில் நீள்கிறது. நரம்புச் செல்லின் உருவமே மாறிவிடுகிறது. ஓர் உணர்ச்சி நரம்புச் செல்லில் 1,300 அளவில் இருந்த இணைப்பு முனைகள் 2,700 வரை பெருகியிருந்தன. நினைவு என்று நாம் சொல்வது இந்த வளர்ச்சியைத்தான். முடி வளர்வதுபோல, நகம் வளர்வதுபோல அதுவும் புரதத்தால் ஆன பொருள்.

புரதம் வேண்டுமென்றால் மரபணு வேலை செய்தாக வேண்டும். டி.என்.ஏ.யிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டு, ரைபோசோமில் மொழிபெயர்க்கப்பட வேண்டும். அக்கா மகள் மஞ்சள் பூசிவைத்திருந்த அந்தப் பாடம்தான்! படியெடுத்தலையும் மொழிபெயர்த்தலையும் அவள் நினைவில் நிறுத்துவதற்கு, அவள் மூளைக்குள் படியெடுத்தலும் மொழிபெயர்த்தலும் நடக்க வேண்டும். 1960களில் பொன்மீன்களுக்கும் எலிகளுக்கும் ஒன்றைப் பழக்கிவிட்டு, உடனே புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். பழகியது அப்போதைக்கு இருந்தது. பிறகு சோதித்தபோது காணவில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. லாக் ஓபரானின் கதை என்ன? ஈ. கோலை பாக்டீரியாவில் லாக்டோஸைச் செரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. லாக்டோஸ் இல்லாதபோது ஓர் அடக்கிப் புரதம் இயக்கிப் பகுதியில் ஏறி உட்கார்ந்து வழியை மறிக்கிறது. லாக்டோஸ் வந்தால் அது அடக்கியைப் பிடித்துக்கொள்ள, அடக்கி விலக, மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. வேண்டாத பண்டத்துக்கு அடுப்பு மூட்டாத சிக்கனம். ஜேக்கப், மோனாட் என்ற இரு விஞ்ஞானிகள் 1961இல் சொன்னது இது.

நீண்டகால நினைவுக்கான மரபணுக்களுக்கும் இப்படி ஒரு காவல் உண்டு என்பது கடல் முயலில் தெரியவந்தது. கிரெப் என்று அழைக்கப்படும் புரதங்களில் ஒன்று அந்த மரபணுக்களை முடுக்கிவிடும், இன்னொன்று அடக்கிவைக்கும். ஒரே ஒரு சிறு தூண்டலுக்கு அடக்கி அசைவதில்லை. இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் தூண்டல் வந்தால்தான் விலகி வழிவிடுகிறது. 1995இல் கேண்டலின் குழுவினர் அந்த அடக்கியைச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். சாதாரணமாகச் சில நிமிடங்களில் மறைந்துபோகும் ஒற்றைத் தூண்டலே நீண்டகால மாற்றத்தை உண்டாக்கிவிட்டது. ஒருமுறை பார்த்ததெல்லாம் உள்ளே புகுந்து குடியேறிவிடாமல் காவல் காக்கிற ஏற்பாடு இது என்று வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் பார்த்த விளம்பரம் எல்லாம் ஆயுள் முழுக்கத் தங்கினால் என்ன கதி ஆவோம்?

நத்தையின் செவுளும் பிளஸ் டூ மாணவியின் மரபியலும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். நத்தைக்கு ஹிப்போகேம்பஸ் கிடையாது. படித்த செய்தியை அது வாயால் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் கிரெப் புரதங்களின் வேலை பழ ஈயிலும் எலியிலும்கூடக் காணக்கிடைத்திருக்கிறது. பரிணாமம் ஒரு நல்ல கருவியைச் செய்துவிட்டால் அவ்வளவு எளிதில் தூக்கி எறிவதில்லை. கேண்டலுக்கு 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆக, ஒரே இரவில் எட்டுப் பாடம் முடிப்பதில் உள்ள சிக்கல் ஒழுக்கம் பற்றியது அல்ல. கொத்தனாருக்குத் தெரிந்த விஷயம்தான்: நேற்று வைத்த செங்கலின் பூச்சு இறுகுவதற்குள் இன்று பத்து வரிசை ஏற்றினால் சுவர் சாயும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் எந்த மூலக்கூறும் தெரியாத காலத்திலேயே இதை அளந்தார். பொருளில்லாத அசைகளைத் தானே உருப்போட்டுத் தன்னையே சோதித்து 1885இல் நூலாக வெளியிட்டார். ஒரு பட்டியலை மறுநாள் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு நினைவுகூர, ஒரே நாளில் 68 முறை படிக்க வேண்டியிருந்தது. மூன்று நாளுக்குப் பிரித்துப் படித்தபோது 38 முறையே போதுமானதாக இருந்தது. எவ்வளவு இடைவெளி நல்லது என்பதை 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 1,300க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தது. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் முதல் படிப்புக்கும் மறுபடிப்புக்கும் நடுவே ஒரு நாள்; 35 நாளில் தேர்வு என்றால் சுமார் 11 நாள். மார்ச் பரீட்சைக்கு ஜனவரியில் படித்ததைப் பிப்ரவரி முதல் வாரத்தில் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நாட்டு வழக்கில் சொல்லலாம். பள்ளிகளில் வைக்கும் திருப்புதல் தேர்வுகளை மாணவர்கள் எவ்வளவு சபித்தாலும், அவை செய்வது இந்த வேலையைத்தான்.

இப்போது அந்த மஞ்சள் பக்கத்துக்கு வருவோம். இடைவெளி விட்டே நாலு முறை படித்திருந்தாலும் அவளுக்கு விடை வந்திருக்குமா? சந்தேகம்தான். படிப்பதற்கும் நினைவுகூர்வதற்கும் உள்ள தூரத்தை ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் அளந்து காட்டினார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றும் தாளைத் திருப்பி வைத்து நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவுக்கு 83 சதவீதம், எழுதிய குழுவுக்கு 71. படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து? படித்த குழு 40க்கு இறங்கிவிட்டது. எழுதிய குழு 61இல் நின்றது.

இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. ஒரு வாரத்துக்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களையே கேட்டார்கள். அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் நான்கு முறை படித்த குழுவினர்! திரும்பப் படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்த வழுக்கலைத் தெரிந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு முக்கி முனகுபவருக்கோ தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று தோன்றுகிறது. கஷ்டமாக இருக்கும் படிப்பே தங்குகிறது, சுகமாக இருக்கும் படிப்பு நழுவுகிறது. மாணவர்கள் தவறான முறையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதற்கு இந்த மயக்கத்தைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஒரு நினைவை வெளியே எடுக்கும்போது அது சற்று நேரம் இளகிவிடுகிறது என்று எலிகளில் நடந்த ஆய்வு 2000இல் காட்டியது. மறுபடி இறுகுவதற்குத் திரும்பவும் புரதம் தேவைப்படுகிறது. அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைப்பதைப் போன்ற காரியம் இல்லை அது. ஒவ்வொரு முறையும் அவிழ்த்து மறுபடி நெய்வது. அதனால் ஒன்று: மூடிய புத்தகத்தோடு எழுதிப் பார்த்தவர்கள் உடனே திறந்து சரிபார்த்தாக வேண்டும். தப்பாக நெய்தால் தப்பும் உறுதியாகிவிடும்.

நமக்கு இது புதிதும் அல்ல. ஒப்பித்தல் என்ற சொல்லே இதற்காக இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தியார் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் இடத்தில் ஒரு பங்கீடு செய்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டு வாங்கினாலும் கல்வியில் கால் பங்குதான் சேரும். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொன்னால்தான் மீதி அரை. பதிமூன்றாம் நூற்றாண்டில் அவருக்கு ஹிப்போகேம்பஸ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் வாயைத் திறந்து வெளியே எடுக்கும் செயலுக்கு அரைப் பங்கைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாரே, அது பாடம் நடத்திப் பார்த்தவரின் கணக்கு.

உயிரியலுக்கென்று சில தனித் தொல்லைகள் உண்டு. ஒன்று, சொற்கூட்டம். இயற்பியலில் ஒரு சூத்திரத்தை வைத்துப் பத்துக் கணக்குப் போடலாம். இங்கே ஒரு பாடத்துக்கே நூறு புதுப் பெயர்கள் வரும். மேல்மனம் ஒரே நேரத்தில் நான்கு அல்லது ஐந்து துண்டுகளைத்தான் ஏந்தும். நூறு பெயரை நூறு துண்டாகக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் திணறும். துண்டுகளை முடிச்சுப் போட்டுச் சின்னதாக்க வேண்டும்.

தமிழ்வழி மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கருவூண் திசு என்ற சொல்லைப் பிரியுங்கள்: கரு, ஊண். கருவுக்கு உணவு. சொல்லிலேயே இரண்டு மதிப்பெண் விடை இருக்கிறது. ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளை அந்தத் திசுவின் வேலையைத் தனியாகவும் பெயரைத் தனியாகவும் உருப்போட வேண்டும். சூற்பை, தன்மகரந்தச் சேர்க்கை எல்லாம் இப்படித்தான். ஆனால் தமிழிலேயே ஒரு பொறியும் உண்டு. தாவரவியல் பாதியில் கருப்பை என்றால் சூலுக்குள் இருக்கும் எட்டு உட்கருக்கள் கொண்ட ஏழு செல் அமைப்பு. விலங்கியல் பாதியில் கருப்பை என்றால் குழந்தை வளரும் உறுப்பு. ஒரே காலையில் இரண்டு பாதியையும் எழுதும்போது ஒன்று மற்றொன்றை இடிக்கும். இப்படி இடிக்கும் ஜோடிகளைத் தள்ளித் தள்ளிப் படிப்பதைவிட, அருகருகே வைத்து வித்தியாசத்தை எழுதிவிடுவது நல்லது.

அக்கா மகளோடு இரட்டைக் கருவுறுதலை இளநீர்க் கடையில் முடித்தேன். மகரந்தக் குழாய் வழியாக இரண்டு ஆண் கேமீட்டுகள் வருகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று நடுவில் உள்ள இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்ந்து மும்மடிய (3n) கருவூண் திசுவுக்கு வித்தாகிறது. நவாஸ்சின் என்ற விஞ்ஞானி 1898இல் கண்டது இது. "இப்ப நீ ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறியே, அது என்ன?" யோசித்தாள். தென்னையில் கருவூண் திசுவின் உட்கரு முதலில் செல்சுவர் இல்லாமல் பிரிந்துகொண்டே போகிறது. எண்ணற்ற உட்கருக்கள் மிதக்கும் அந்தத் திரவம்தான் இளநீர். பிறகு ஓரத்திலிருந்து செல்சுவர் உண்டாகி வழுக்கையாகிறது, முற்றித் தேங்காயாகிறது. உறிஞ்சியவள் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். "அப்ப சட்னியும் த்ரீ என் தானா மாமா?" ஆமாம் என்றேன். அந்தக் கேள்வியை அவள் இனிமேல் மறக்கமாட்டாள் என்று பந்தயம் கட்டத் தயார்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உயிரியலில் படம் அலங்காரம் இல்லை. கருப்பையின் படத்தில் எட்டு உட்கருக்களும் எந்த முனையில் எத்தனை என்பது ஒரே பார்வையில் ஒரு முடிச்சாகிவிடுகிறது. ஆனால் பார்த்து வரைவது பயிற்சி ஆகாது; அதுவும் படிப்பதன் உடன்பிறப்புதான். பார்த்துவிட்டு, மூடிவிட்டு, வரைந்து பாகம் குறித்து, பிறகு சிவப்புப் பேனாவால் விட்டதை நிரப்ப வேண்டும். சொற்களை எழுதிப் பார்த்தவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்து பார்த்தவர்களுக்கு அதிகச் சொற்கள் நினைவிருந்ததைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2016இல் காட்டினார்கள். வரையும் கை நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

தூக்கத்தை வீடுகளில் படிப்பின் எதிரியாகவே வைத்திருக்கிறோம். 1924இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். படித்துவிட்டு விழித்திருந்ததைவிடத் தூங்கி எழுந்தபோது அவர்களுக்குக் கூடுதலாக நினைவிருந்தது. ஏன் என்பது 1994இல் எலிகளிடமிருந்து கொஞ்சம் துலங்கியது. பகலில் ஓர் இடத்தில் திரியும்போது ஹிப்போகேம்பஸில் சேர்ந்து துடித்த செல்கள், ஆழ்ந்த தூக்கத்தில் மறுபடி சேர்ந்து துடித்தன. நாற்றங்காலிலிருந்து வயலுக்கு நடவு போகும் நேரம் அது என்று பலர் கருதுகிறார்கள். இரவு 10 மணிக்குக் குடிக்கும் ஸ்ட்ராங் டீயின் காஃபீனில் ஏறத்தாழப் பாதி விடிகாலை 3 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். விழித்திருந்து கூடுதலாகப் படித்த ஒரு பாடத்துக்காக, அன்று பகலில் படித்த மூன்று பாடத்தின் நடவைக் கெடுத்துக்கொள்வது நல்ல வியாபாரமாகத் தெரியவில்லை.

வல்லாரையைக் கேட்பீர்கள். பரீட்சை மாதத்தில் எங்கள் அக்கா வீட்டில் வாரம் இரண்டு நாள் வல்லாரைத் துவையல். மனிதர்களிடம் செய்த சோதனைகளில் நினைவாற்றல் கூடியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. துவையல் நன்றாக இருக்கிறது. சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடலாம்.

இனி என் சைக்கிள் பூட்டு. பயம் வந்தால் அட்ரீனல் சுரப்பி கார்டிசாலை விடுகிறது. இருபது முப்பது நிமிடத்தில் அது உச்சத்துக்கு வரும்போது, புதிதாகப் பதிவதைவிட, பதிந்ததை வெளியே எடுக்கும் வேலையே அதிகம் பாதிக்கப்படுகிறது. பெல் அடித்து, விடைத்தாளைக் கட்டிக் கொடுத்து, "முடிந்தது" என்று மூச்சு விட்டபின் பாதை திறக்கிறது. நான் மறக்கவே இல்லை, எடுக்கத்தான் முடியவில்லை. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016இல் செய்த ஒரு சோதனையைப் படித்தபோது எனக்கு முப்பது வருஷக் கோபம் தீர்ந்தது. ஒரு குழு திரும்பத் திரும்பப் படித்தது. மறுகுழு நினைவிலிருந்து எடுத்து எடுத்துப் பழகியது. மறுநாள் இருவரையும் ஆட்கள் முன்னால் நிறுத்திப் பேசவைத்து, கணக்குப் போடவைத்துப் பதற்றப்படுத்தினார்கள். படித்த குழுவின் நினைவு சரிந்தது. எடுத்துப் பழகியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு சோதனைதான். எல்லோருக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் பயப்படாதே என்று பிள்ளையிடம் நூறு முறை சொல்வதைவிட, பயந்தாலும் விடை வருகிற மாதிரி பழக்கிவிடுவது நடக்கக்கூடிய காரியம்.

அக்கா மகள் இப்போது ஒரு ரஃப் நோட்டு வைத்திருக்கிறாள். ஒரு தலைப்பைப் படிப்பாள், மூடுவாள், எழுதுவாள், திறந்து சிவப்பில் திருத்துவாள். அதே தலைப்பு பத்து நாள் கழித்து மறுபடி வரும். லாக் ஓபரானுக்கு முதல் முறை மூன்று வரி எழுதினாள், அதில் ஒன்று தப்பு. நான்காவது முறை படத்தோடு ஒரு பக்கம். முதல் வாரம் அக்கா என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாள். "புக்கை மூடி வெச்சுட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காடா. நீ சொல்லித்தான் கெட்டுப்போறா."

பரீட்சைக்குப் பிள்ளை இருக்கும் வீட்டில் பெரியவர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை "படிக்கலையா?" என்று கேட்டுக் கலைக்காதீர்கள். முடிந்தால் எதிரில் உட்கார்ந்து, லாக் ஓபரான் என்றால் என்ன என்று சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் இன்னும் நல்லது. பரீட்சைக்கு முந்தின இரவு பத்து மணிக்கு அது விளக்கை அணைத்தால் எழுப்பாதீர்கள். டீயும் போட்டுக் கொடுக்காதீர்கள்.